ஏழு குச்சி

வியாசர்பாடியில் ஒருவனைக் கேடி என்று சொன்னால், போலீஸ் ஸ்டேஷன் சுவரில் அவன் படம் தொங்குகிறது என்று அர்த்தம். கிருஷ்ணப்பன் இருபத்திரண்டு வருஷமாகக் கேடி. பெண் கேட்டு வந்த அன்று, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று செங்கொடியின் அப்பா கேட்டார். கூட வந்திருந்த உறவுக்காரர் வெள்ளந்தியாக, "கேடி வேலைங்க, பெரிய எடத்துல" என்று சொல்லிவிட்டார். பழத்தட்டோடு எல்லோரும் திரும்பிப் போக வேண்டிய நிலைமை. கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவர்களின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடக்கிற ஆளுக்கு அதுதான் பெயர் என்று புரிய வைப்பதற்குள் காப்பி ஆறிப்போனது. செங்கொடி கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்றைக்கும் அந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில் கூரியர்காரன் வந்து விசாரித்தால், "கேடி வூடா, மூணாவது மாடி" என்றுதான் வழி சொல்வார்கள்.

தினமும் விடியற்காலையில் ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி, பீச்சில் மாறி, ஊரின் தென்கோடிக்குப் போவான். பை சுமப்பது பெரிய வேலையில்லை. இவன் சுமப்பதை எவனும் சுமக்கலாம். ஆனால் அடித்த பந்து எங்கே போய் விழுந்தது என்று பார்ப்பதற்கு ஆள் வேண்டும். வெள்ளைப் பந்து, வெளுத்த வானம். அடித்தவரே தொலைத்துவிடுவார். கிருஷ்ணப்பன் கையைக்கூடத் தூக்க மாட்டான். "மூணாவது வேப்பமரம் சார், வேருக்கு இந்தாண்ட ஒரு சாண்" என்பான். போய்ப் பார்த்தால் அங்கே இருக்கும். அந்தக் கண்ணுக்காகவே நாலைந்து மெம்பர்கள் அவன் வரும்வரை காத்திருந்து ஆடினார்கள்.

திங்கட்கிழமை மைதானம் மூடியிருக்கும். அன்று கேடிகள் ஆடிக்கொள்ளலாம். மகிழினிக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு லீவு நாளில் அப்பாவோடு போனாள். யாரோ தூக்கிப்போட்ட, பந்தடிக்கிற ஒடிந்த குச்சியை அறுத்து அவள் உயரத்துக்கு ஆக்கிக்கொடுத்தான் கிருஷ்ணப்பன். அதிலிருந்து பள்ளிக்கூடம் இல்லாத திங்கட்கிழமையெல்லாம் அவளுக்கு அங்கேதான். இப்போது பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு. கேடி ரூமில் கிடக்கிற குச்சிகளை வைத்துக்கொண்டே பெரிய ஆட்கள் அடிக்கிற தூரத்துக்கு அடித்தாள்.

அந்த ஆவணி மாதம் மைதானத்தில் ஆட வருகிற டாக்டரம்மா ஒருவர், பெண் பிள்ளைகளுக்கு மாநில அளவில் தேர்வு வைக்கிறார்கள், எடுபட்டால் பயிற்சி இலவசம், காலேஜ் சீட்டும் கிடைக்கும் என்று சொல்லி, மகிழினி பெயரை எழுதிப்போட்டார். ஒரே ஒரு சங்கடம். சொந்தக் குச்சி வேண்டும்.

"புதுசு இன்னா வெலை?" என்று கேட்டாள் செங்கொடி. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றைக் கிளறியபடிதான் கேட்டாள்.

"புதுசு பேச்சே வுடு. நம்ம வூட்ட வித்தா பாதி செட்டு வரும்."

"இது நம்ம வூடே இல்ல, போர்டு வூடு."

"அதான் சொல்றேன்."

மகிழினி சிரித்தாள். கிருஷ்ணப்பனுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவன் சுவரில் சாய்ந்து குந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த சங்கதியை எல்லாம் அவிழ்த்தான். அவன் அப்படிப் பேசுவது அபூர்வம்.

"பதினாலு குச்சி வச்சிகினு ஆடணும்னு சட்டமா கீது? பதினாலு வரிக்கும் வச்சிக்கலாம், அவ்ளோதான். ஏழு போதும். தூரத்துக்கு ஒரு பெரிய குச்சி, அதுக்குக் கீய ஒரு கட்டை, அஞ்சாம் நம்பரு, ஏயாம் நம்பரு, ஒம்பதாம் நம்பரு, மணல்ல போட்டா எடுக்க ஒண்ணு, கடைசில உருட்டறதுக்கு ஒண்ணு. பழசு வாங்கணும். பேரு கீற கம்பெனி பத்து வருசத்துக்கு மிந்தி போட்டதா இருக்கட்டும், இரும்பு இரும்புதான். பெயிண்டு போயிருந்தா சந்தோசம், வெலை கொறையும். புடி ரப்பரு தேஞ்சிருந்தா வுட்டுரு, அத்த நானே மாத்திருவேன். தரையில உருட்டிப் பாக்கணும், தண்டு கோணலா இருந்தா தெரியும்."

"இன்னா இன்னா பாக்கணும்னு எய்திக் குடு," என்றாள் செங்கொடி.

"எய்தறதுக்கு இன்னா கீது. ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம். தலைய ஒரு கையில புடி, தண்ட ஒரு கையில புடி, துணி புயியற மாரி முறுக்கு. கயுத்துல டிக்குன்னு ஒரு சத்தம் வந்தாலும் அத்தத் தொடாத. சும்மா குடுத்தாலும் வோணாம். சொல்லிட்டேன்."

செங்கொடி காசிமேட்டில் எறா உரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தாள். அஞ்சு மணிக்கு விசைப்படகு சரக்கு வந்ததும் தொடங்கினால் ஒரு மணி வரைக்கும் குந்திய குந்தல்தான். ஐஸ் தண்ணீரில் கிடக்கிற எறாவை எடுத்து, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பத்து விரலும் வெளுத்துச் சுருங்கி, நகக்கண்ணில் எறா முள் ஏறி, வீட்டுக்கு வந்து உப்புத் தொட்டால் எரியும். பக்கத்து மணையில் உட்கார்ந்து உரிக்கிறவள் ரமாபாய். புளியந்தோப்புக்காரி. வாயும் கையும் ஒன்றாக ஓடும்.

"கோல்ப்பு குச்சியா? யக்கா, எங்க ஊட்டுக்காரரு லோடு எறக்குனாரே, வண்ணாரப்பேட்ட அத்தாவுல்லா பாய் கடை, அங்க கீதுக்கா. ஹார்பருல எவனும் வந்து எடுக்காத கன்டெய்னர ஏலத்துல எடுப்பாரு அவரு. போன வாரம் ஒரு மூட்ட நெறைய குச்சி வந்து எறங்கிச்சாம். இவரு ஹாக்கி குச்சின்னு நெனச்சிகினாரு."

சனிக்கிழமை கொட்டகை விட்டதும் செங்கொடி நேராக அங்கே போனாள். சீட்டுப் பணம் கையில் இருந்தது. கிருஷ்ணப்பனுக்கு போன் போட்டாள், எடுக்கவில்லை. மைதானத்தில் இருக்கும்போது கேடி போன் எடுக்கக் கூடாது.

கடை என்றால், உடற்பயிற்சி சைக்கிள், பல் டாக்டர் நாற்காலி, மூடி இல்லாத பியானோ எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கிடக்கிற குடோன். அத்தாவுல்லா பாய் கணக்காகப் பேசுகிற மனுஷர். குச்சிகளைக் கோணிமேல் பரப்பிவிட்டு ஒதுங்கி நின்றார். செங்கொடி தரையில் உருட்டிப் பார்த்தாள். ரப்பரைத் தடவிப் பார்த்தாள். நெஞ்சுக்கு நேராக நிறுத்தி, மகள் தன்னைவிட எவ்வளவு உயரம் என்று மனசுக்குள் அளந்தாள். பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, மீன் வாசம் அடிக்குதே, நீ எங்க இதெல்லாம் கத்துக்கிட்ட?"

"வூட்டுக்காரரு கேடி."

பாய் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஆங், அந்தக் கேடியா" என்றார்.

ஆறு குச்சி தேறியது. ஏழாவதாகப் பெரிய குச்சி, மகிழினி உயரத்துக்கு அந்த மூட்டையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செங்கொடி தலையை ஒரு கையிலும் தண்டை ஒரு கையிலும் பிடித்து முறுக்கினாள்.

டிக்.

பாய்க்கும் கேட்டது. அவர் மறைக்கவில்லை. "அது கழுத்து விட்டிருக்கும்மா. மவுண்ட் ரோட்டுல ஒருத்தர் இருக்காரு, கழட்டி, சுத்தம் பண்ணி, அதுக்குன்னு ஒரு பசை இருக்கு, அதப் போட்டுத் திரும்ப ஏத்துவாரு. நாலு நாள் ஆவும். ஆயிரத்தைந்நூறு கேப்பாரு. செட்டுக்கு நீ பதினொண்ணு குடு, அது தனி. வேணாம்னா நாளைக்குப் பெங்களூர் பார்ட்டி வருது, மொத்தமா எடுத்துக்குவான்."

செங்கொடியிடம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுதான் இருந்தது. சரியாகப் போய்விடும். சரி என்று சொல்ல வாயெடுத்தவள், அதே மூட்டையிலிருந்து சரிந்து கிடந்த ஷூவைப் பார்த்தாள். பொம்பளைப் பிள்ளை ஷூ. வெள்ளை. அடியில் புல்லைக் கவ்வுவதற்கு ரப்பர் முள். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மகிழினி அளவு. போன மாதம் ஈரப்புல்லில் பள்ளிக்கூடக் கேன்வாஸ் வழுக்கி, மகள் முட்டியில் தோல் உரிந்து வந்ததை அவள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

"இது எம்மாம் பாய்?"

"ஆயிரத்து நானூறு. புதுசும்மா அது, கால் படாதது."

அவள் கொஞ்ச நேரம் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"குச்சிய நாங்களே பாத்துக்கறோம் பாய். அவருக்குத் தெரியும். ஷூவ போட்டுக் குடு."

"பாத்துக்கறதுன்னா பார்த்துச் செய்யச் சொல்லு. அப்படியே எடுத்து அடிச்சிரப் போறாங்க."

"சொல்றேன்," என்றாள்.

சொல்லத்தான் நினைத்தாள். மூட்டையோடு ஷேர் ஆட்டோவில் வரும்போதுதான் அது எப்படிப் போகும் என்று தோன்றியது. கழுத்து ஆடுது என்றால் கிருஷ்ணப்பன் அடுத்த ரயிலைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவான். பாய் பணம் கொடுத்தாலும் கொடுப்பார், குச்சி பெங்களூருக்குப் போய்விடும். பிள்ளை மறுபடியும் கேடி ரூமில் கிடக்கிறதைப் பொறுக்கிக்கொண்டு நிற்கும். ஜீவா முனையில் இறங்கி ஹார்டுவேர் கடையில் ரெண்டு டியூப் கலக்குகிற பசை வாங்கினாள். வாளி, நாற்காலிக் கால், உடைந்த மிக்ஸி மூடி, எல்லாம் அதில் ஒட்டி நின்றிருக்கிறது. வீட்டில் யாரும் இல்லை. மொட்டை மாடி வெயிலில் குந்திக்கொண்டு தலையைத் திருகி இழுத்தாள், கையோடு வந்தது. பசையைக் கலக்கி ஊற்றி, மாட்டி, பிதுங்கியதைத் துடைத்து, தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்தாள். சாயங்காலம் முறுக்கிப் பார்த்தபோது கல்லாக இருந்தது.

கிருஷ்ணப்பன் வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். பெரிய குச்சியையும் முறுக்கினான். சத்தமில்லை.

"பதினொண்ணா? ஏழும் சேத்தா?" என்றான் நம்பாமல். "செங்கொடி, நீ காசிமேட்டுல இருக்க வேண்டியவளே இல்ல மே."

மகிழினி ஷூவைப் போட்டுக்கொண்டு அந்தப் பத்தடி அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகும்போது மட்டும்தான் கழற்றினாள்.

திங்கட்கிழமை மகிழினிக்குக் காலாண்டு லீவு. செங்கொடியும் கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த மைதானத்துக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. அவ்வளவு புல்லை அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. காற்றில் மணலி ஆலை வாடை இல்லை, எறா வாடை இல்லை. புரட்டாசிப் புழுக்கம் மட்டும் இருந்தது. கேடிகள் நாலைந்து பேர், "வாக்கா, வா" என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

மகிழினி ஏழாம் நம்பரில் நாலு பந்து அடித்தாள். ஐந்தாம் நம்பரில் மூன்று. பிறகு பெரிய குச்சியை எடுத்தாள். கிருஷ்ணப்பன் வழக்கம்போல முன்னால் போய், இருபதடி தள்ளி இடது பக்கமாக நின்றான், பந்து போகிற வழியைப் பார்க்க. முதல் அடி. பந்து போய்க்கொண்டே இருந்தது. செங்கொடிக்குக் கொஞ்ச தூரத்துக்குமேல் தெரியவில்லை. கேடிகள் விசிலடித்தார்கள். இரண்டாவது அடியும் அப்படித்தான். தன் மகள் உடம்பு இடுப்பிலிருந்து சுழன்று திரும்பி நிற்கிற அழகை அவள் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். உரித்து உரித்துக் கூனிப்போன தன் உடம்பில் பிறந்த பிள்ளையா இது என்று இருந்தது.

ஆறாவது அடியில் பந்து போனது. கூடவே இன்னொன்றும் போனது.

கிருஷ்ணப்பன் சத்தம் போடவில்லை. யாரோ கூப்பிட்டதுபோல முகத்தைத் திருப்பி, அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தான். முகத்தைப் பொத்திய விரலிடுக்கில் ரத்தம் வந்த பிறகுதான் மற்றவர்கள் ஓடினார்கள். மகிழினி வெறும் தண்டைப் பிடித்துக்கொண்டு, அடித்து முடித்த நிலையிலேயே நின்றாள்.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் பதினோரு நாள். இரண்டு தடவை ஆபரேஷன். எலும்பு சேர்ந்துவிடும், இடது கண்ணில் பார்வை வராது என்று சொன்னார்கள். பெரிய டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். செங்கொடி தலையைத் தலையை ஆட்டினாள்.

பார்க்க வந்த கேடிகள் கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். "அண்ணே முறுக்கிப் பாத்தாரே, கெட்டியாதான் கீதுன்னு அவரே சொன்னாரு. குச்சில தப்பு இல்ல. பாப்பா அடிச்ச அடி அப்டி. தலையே பிச்சிகினு போச்சு." பாதி பெருமையாகத்தான் சொன்னார்கள். மகிழினி கட்டில் காலடியில் நின்று அதைக் கேட்டாள். செங்கொடியும் கேட்டாள். அப்போது அவள் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஒரு நாள் திறக்காத வாய் மறுநாள் இன்னும் கனத்துப்போகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு கிருஷ்ணப்பன் டீயை கிளாஸுக்குப் பக்கத்தில் ஊற்றினான். மாடிப்படியில் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்தான், இன்னொரு படி இருந்தது. வேலைக்குப் போனான். இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கத்தில் மெம்பர்கள் ஒரு வாரம் பொறுத்தார்கள். "பந்து எங்க கிருஷ்ணப்பா?" என்று அவர்கள் திரும்பினால், அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மூன்றாவது வாரம் அவனைப் பயிற்சி அடிக்கிற இடத்தில் சிதறிக் கிடக்கும் பந்துகளைக் கூடையில் பொறுக்குகிற வேலைக்கு மாற்றினார்கள். பாதிச் சம்பளம். "தரையில கீறத எடுக்கறதுக்கு ஒரு கண்ணு போதும்" என்று வீட்டில் வந்து சொன்னான். சிரிப்புக்குத்தான் சொன்னானா என்று இருவருக்கும் தெரியவில்லை.

மகிழினி குச்சியைத் தொடவில்லை. வெள்ளை ஷூவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா சட்டையைத் துவைப்பாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவாள், வேறொன்றும் செய்யமாட்டாள். முன்பெல்லாம் பேசிக்கொண்டே சாப்பிடுவாள். இப்போது அவன் வலது பக்கம்தான் தட்டு வைப்பாள், வலது பக்கம்தான் தண்ணீர் வைப்பாள், அவன் தேடாமல் கைக்கு வரும்படி.

காசிமேட்டில் ரமாபாய்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"யக்கா, இன்னிக்கு நாலு கிலோகூட உரிக்கல நீ. கை ஆட மாட்டேன்னுது. இன்னாக்கா?"

"ஒண்ணியும் இல்ல."

"ஒண்ணியும் இல்லாதவ எறாவ ஓட்டோட கூடையில போடுவாளா? மேஸ்திரி பாத்தா கத்துவாரு. அண்ணனுக்கு இன்னாவது?"

செங்கொடி கை எறாவை விட்டது. ஐஸ் தண்ணீரில் விரலை வைத்துக்கொண்டே, ஷூவிலிருந்து ஆரம்பித்து, மொட்டை மாடி வெயில் வரைக்கும் சொன்னாள். ரமாபாய் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். கடைசியில்தான் நிறுத்தினாள்.

"யாராண்டயும் சொல்லல?"

"உன்னாண்டதான்."

"சொல்லாத. நான் சொல்றேன், கேளு. போன கண்ணு வராது. இப்ப போயி சொல்லி, குடும்பத்துல இருக்கற நிம்மதியையும் கெடுத்துக்கினு… நீ இன்னா வேணும்னேவா பண்ண? புள்ளைக்கு செருப்பு வாங்கின."

"அவ தன்னாலதான்னு நெனச்சிகினு கீறா ரமா. தூங்க மாட்டேன்றா. கைய கைய பாத்துக்கறா."

"காலப்போக்குல சரியாப் பூடும்."

"அடுத்த வாரம் அந்த செலக்ஷன் கீது. டாக்டரம்மா தன்னோட செட்டையே தர்றேன்றாங்க. இவ மாட்டேன்றா. எம்மாம் சொல்லியும் மாட்டேன்றா."

ரமாபாய் ஒரு எறாவை எடுத்துத் தலையைக் கிள்ளினாள்.

"சொன்னா போவாளா?"

"தெர்ல."

"சொன்னா உன்னாண்ட பேசுவாளா?"

ரமாபாய் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி செங்கொடி கூடையில் போட்டுவிட்டு, மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்ததால் அறைக்கு நடுவில் தள்ளி உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் போட்டது. கிருஷ்ணப்பன் பேச்சை எடுத்தான்.

"வியாயக்கெயமை போலாம்மா. நான் கூட வர்றேன். பை தூக்கறேன், கேடிதானே நானு."

"நான் வர்ல நைனா."

"நீ எதுக்கு இப்டி கீற? குச்சி பிச்சிகினு போனா அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"என் கைதானே அடிச்சுது," என்றாள் மகிழினி. குரல் உயரவே இல்லை. "அவங்க எல்லாம் சொன்னாங்க இல்ல. நான் அவ்ளோ வேகமா அடிச்சிருக்கக் கூடாது. எட்த்துக்காட்டணும்னு அடிச்சேன். அம்மா வந்திருக்குன்னு அடிச்சேன்."

செங்கொடி கையிலிருந்த சோற்றைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"உன் கையால இல்ல. அது கயுத்து ஆடின குச்சி. கடையிலயே டிக்குன்னுச்சு. பாய் சொன்னாரு, சரி பண்ணிட்டு எட்த்துகினு போன்னு. அந்தத் துட்டுக்கு நான் ஷூ வாங்கிட்டேன். நானே மாடியில வச்சி ஒட்டினேன். நைனாவாண்ட சொல்லல."

கிருஷ்ணப்பன் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான். முகத்தை முழுவதும் திருப்பித்தான் இப்போது அவனால் பார்க்க முடியும்.

"இன்னா பசை?"

"ரெண்டு டியூபு கலக்கறது."

"உள்ள கெடந்த பழைய பசைய சொரண்டினியா?"

"இல்ல."

"சொரண்டணும். அதுமேல ஊத்தினா புதுசு புடிக்காது. மேலுக்கு புடிச்சாப்ல இருக்கும்." சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம்னு சொன்னேனே மே" என்றான்.

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கும், என்றைக்கும். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். மகிழினி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுப்பு என்று சொல்ல முடியாது. ஒன்றரை மாதமாகத் தன் தலையில் இருந்த சுமையை இறக்கி, அது யாருடையது என்று பார்க்கிற பார்வை. எழுந்து கையைக் கழுவினாள். மழையில் நனைந்துகொண்டே மாடிக்குப் போனாள். செங்கொடி பின்னால் போக எழுந்தாள். கிருஷ்ணப்பன் கையைக் காட்டி, உட்காரச் சொன்னான்.

வியாழக்கிழமை இருவரும் போனார்கள். டாக்டரம்மா செட்டு. பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூ. நாலு பேரை எடுத்தார்கள், மகிழினி ஐந்தாவதாக வந்தாள். "உருட்டறதுல ரெண்டு போச்சு. தூரத்துல அவள அடிச்சிக்க ஆளில்ல" என்று கிருஷ்ணப்பன் சொன்னான். அடுத்த திங்கட்கிழமையும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவள் மைதானத்துக்குக் கிளம்பினாள். அதற்கடுத்ததும்.

அம்மாவோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் செங்கொடிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆக்கி வைத்த சோற்றைச் சாப்பிட்டாள், கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள், கழுவி வைத்தாள். ஏதாவது வேண்டுமென்றால், "நைனா, சீயக்காய் தீந்துபோச்சு" என்று அவனிடம் சொல்வாள். அவன் செங்கொடியைப் பார்ப்பான். மூன்றடி தூரத்தில் நின்று அவளுக்கும் கேட்டிருக்கும். கார்த்திகை போனது, மார்கழி போனது. காசிமேட்டில் எறா வரத்து அதிகமாக இருந்த மாதங்கள். ரமாபாய் ஒரு தடவை, "பேசினாளா?" என்று கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். எடுபட்ட நாலு பேரில் ஒரு பெண்ணின் குடும்பம் துபாய்க்குக் குடிபோய்விட்டது, அந்த இடத்துக்கு மகிழினியைக் கூப்பிடுகிறார்கள் என்று டாக்டரம்மா போன் செய்தார். அந்தச் சனிக்கிழமை செங்கொடி கொட்டகையிலிருந்து வந்தபோது மகள் அதற்கான ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணப்பன் வேலைக்குப் போயிருந்தான். அவன் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது, கோட்டுக்கு மேலே ஏறி, சாய்ந்து.

செங்கொடி கை கழுவிக்கொண்டு சமையல் பக்கம் திரும்பினாள். பின்னால் காகிதம் சரசரத்தது. மகிழினி இரண்டு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மணைமேல் வைத்து, பேனாவையும் வைத்தாள். நின்றாள்.

தாள் முழுக்க இங்கிலீஷ். செங்கொடிக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. இந்த வீட்டுக்கு வருகிற இங்கிலீஷ் காகிதம் எல்லாவற்றையும் மகள்தான் இத்தனை நாள் படித்துச் சொல்லியிருக்கிறாள், ரேஷன் கார்டு மாற்றியதிலிருந்து.

"இன்னா எய்திருக்குது?" என்று கேட்டாள். பதில் வராது என்று நினைத்துத்தான் கேட்டாள்.

மகிழினி தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே யாரோ தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"ஆடசொல்ல இன்னா அடி பட்டாலும், யாருக்கு பட்டாலும், பெத்தவங்க பொறுப்புன்னு," என்றாள்.

செங்கொடி முந்தானையில் விரலைத் துடைத்தாள். ஊறிச் சுருங்கிய விரல்களுக்குப் பேனா வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க போடணும்?"

மகிழினி குனிந்து விரல் வைத்துக் காட்டினாள்.

"இங்க."

செங்கொடி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். மகள் அந்தத் தாளை எடுத்துவிட்டு, அடுத்ததை முன்னால் வைத்தாள்.

"இங்க."

அதிலும் எழுதினாள். எழுதிவிட்டு, அதற்கும் அடியில் இன்னொரு தாள் இருக்கிறதா என்று ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். இல்லை. மகிழினி இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பைக்குள் வைக்கப் போனாள்.